கோப்ளின் படை மூன்றே ரவுண்டில் காலியா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மேசையில் ஆடும் கதைவிளையாட்டுகளில் எதிரிப் படையை நடத்துவது என் வேலை. அறுபது கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்), நாலு ஓகர்கள் (பெரிய பூதங்கள்), ஒரு ஹாப்கோப்ளின் (கோப்ளினின் பெரிய உறவு) கேப்டன். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த வரைபடம். மினியேச்சர்களை மேசையில் அடுக்கவே பத்து நிமிடம் ஆனது, சண்டை எட்டு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த முறை எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினேன். அந்தச் சண்டை மூன்று மணி நேரம் இழுத்தது, முடிவு மட்டும் மாறவில்லை.

அப்புறம் நடத்திய எல்லாக் கேம்பெயினிலும் (பல நாள் தொடரும் ஒரே கதை) இதே கோளாறு வேறு வேறு முகத்தோடு வந்தது. திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் கைக்கு வந்த வரிசை இது. உங்கள் மேசையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத திருத்தம் முதலில், தலைவலி பிடித்தது கடைசியில். எண்கள் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளிலிருந்து எடுத்தவை. வேறு விதியில் ஆடுபவர்கள் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

உங்கள் குறிப்பேட்டைத் திறந்து, இந்தப் படைக்கு இன்று கிடைத்த உத்தரவு என்ன என்று தேடுங்கள். "கிராமத்தைத் தாக்கு" என்று மட்டும் இருந்தால் அது உத்தரவு இல்லை. "விடிவதற்குள் தானியக் கிடங்கைக் கொளுத்து, பத்துப் பேர் விழுந்தால் ஆற்றங்கரைக்குத் திரும்பு" என்பது உத்தரவு. என்ன வேண்டும், எப்போது வரை, எப்போது விட்டுவிட வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

பள்ளியில் மனப்பாடம் செய்த புறத்திணைகள் இங்கே கைகொடுக்கும். ஆநிரை கவர்வது வெட்சி, மண்ணாசையில் படையெடுப்பது வஞ்சி, மதிலை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி, இரு படையும் களம் குறித்து மோதுவது தும்பை. நாம் நடத்தும் சண்டைகள் அத்தனையும் தும்பையாகவே இருக்கின்றன. கோப்ளினைத் தும்பைக்கு அனுப்பினால் சாகத்தான் செய்யும், அது வெட்சிக்குப் பிறந்தது. எந்தத் திணை என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு, அப்புறம் கீழே படியுங்கள். எண்ணிக்கையில் மட்டும் இப்போதைக்குக் கைவைக்காதீர்கள்.

அறிகுறி: ஒரே ஃபயர்பாலில் பாதிப் படை சாம்பல்

அதிகம் வரும் புகார் இதுதான்.

நெருக்கி நிற்கின்றனவா? ஃபயர்பால் என்பது தீயாக வெடிக்கும் மந்திரம், அதன் ஆரம் இருபது அடி. ஐந்தடிக் கட்டத்தில் எட்டுக் கட்டம் குறுக்களவு உள்ள வட்டம் ஒன்றைக் காகிதத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். சண்டை தொடங்குமுன் படைமேல் அதை நகர்த்திப் பாருங்கள். எங்கே வைத்தாலும் ஆறு பேருக்கு மேல் உள்ளே சிக்கக் கூடாது. சிக்கினால் குழுக்களாகப் பிரியுங்கள். இரண்டு குழுக்களுக்கு நடுவே நாற்பது அடிக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒரே வட்டம் இரண்டையும் தொடாது. எனக்குப் பத்தில் எட்டு முறை கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும்.

முன்னால் யார் நிற்கிறார்கள்? ஃபயர்பாலின் சராசரிச் சேதம் 28, சேவிங் த்ரோவில் (தப்பிக்க உருட்டும் டைஸ்) ஜெயித்தால் 14. கோப்ளினுக்கு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 7, ஹாப்கோப்ளினுக்கு 11. சேவ் வெற்றியானாலும் இரண்டும் பிணம், அதற்காக நீங்கள் டைஸ் உருட்டுவதே வீண். ஓர்க்குக்கு 15, தப்பினால் ஒரே ஒரு பாயிண்டோடு எழுந்து நிற்கும். ஓகருக்கு 59. சேவில் தோற்றபடியே இரண்டு ஃபயர்பால் வாங்கினாலும் சராசரிக் கணக்கில் மூன்று பாயிண்ட் மிச்சம். அப்படியென்றால் மந்திரவாதியின் கண்ணில் முதலில் பட வேண்டியது ஓகர்தான்.

தூரம் போதுமா? மந்திரவாதி முப்பது அடி நடந்து, நூற்றைம்பது அடி வீசி, இருபது அடி ஆரம் பரவினாலும் எட்டுவது இருநூறு அடிதான். ஹாப்கோப்ளினின் நீள்வில் நூற்றைம்பது அடி வரை சாதாரணமாகவும், அறுநூறு அடி வரை டிஸ்அட்வான்டேஜோடும் (டைஸை இருமுறை உருட்டிச் சிறிய எண்ணை எடுப்பது) எய்யும். வில்லாளிகளை இருநூற்றுப் பத்து அடியில் நிறுத்துங்கள். அம்புகள் அதிகம் தவறும், பரவாயில்லை. மந்திரவாதி மறைவிடத்தை விட்டு முன்னேற வேண்டியதாகிறது, நமக்கு வேண்டியது அதுதானே. கோப்ளினின் குறுவில்லுக்கு எண்பது அடி, டிஸ்அட்வான்டேஜோடு முந்நூற்றிருபது. அதற்கு இந்த உத்தி அவ்வளவு பொருந்தாது.

ஒரே தடவையில் எல்லாரையும் இறக்கினீர்களா? ஃபயர்பால் மூன்றாம் படி மந்திரம். ஐந்தாம் நிலை மந்திரவாதியிடம் அந்தப் படிக்கு ஸ்லாட் (ஒரு முறை வீசும் வாய்ப்பு) இரண்டுதான். ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்தால் இன்னொன்றை மீட்பார். படையை மூன்று அலையாகப் பிரித்து, அலைகளுக்கு நடுவே அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காமல் இருந்தால், மூன்றாவது அலை தீயைப் பார்க்காது.

கடைசி மருந்து, எதிரணியில் கவுன்டர்ஸ்பெல் தெரிந்த மந்திரவாதி. அறுபது அடிக்குள் இருந்தால் ஃபயர்பாலைப் பிறக்கும்போதே அணைத்துவிடுவார். ஆனால் ஆடுபவர் ஆசையாக எடுத்து வைத்த ஸ்பெல் ஒன்றுமில்லாமல் போகும்போது அவர் முகம் வாடும். ஒரு கேம்பெயினுக்கு ஒரு முறைக்கு மேல் நான் இதைத் தொடுவதில்லை.

இத்தனையும் செய்தும் படை எரிகிறதா? பார்ட்டி (ஆடுபவர்களின் வீரர் குழு) இந்தப் படையைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வென்றுவிட்டுப் போகட்டும், அது அவர்கள் சம்பாதித்தது.

அறிகுறி: ஒரு ரவுண்டு முடிய முக்கால் மணி நேரம்

ஒவ்வொரு கோப்ளினுக்கும் தனி இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்று சொல்லும் டைஸ்) உருட்டுகிறீர்களா? நிறுத்துங்கள். குழுவுக்கு ஒன்று. சேதத்துக்கும் டைஸ் வேண்டாம், அச்சிட்ட சராசரி எண்ணையே எடுங்கள். கோப்ளின் அம்புக்கு 5, ஓகர் கதைக்கு 13. இதற்குள்ளேயே நேரம் பாதியாகக் குறையும்.

இன்னும் மெதுவாக இருந்தால் தாக்குதல் டைஸையும் விட்டுவிடலாம். விதிநூலிலேயே கும்பல் தாக்குதலுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. எதிரியைத் தொட டி20-யில் (இருபது பக்க டைஸ்) தேவையான எண் 5 அல்லது அதற்குக் குறைவு என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு அடி. 6 முதல் 12 வரை தேவையென்றால் இருவருக்கு ஒன்று. 13, 14 என்றால் மூவருக்கு ஒன்று, 15, 16 என்றால் நால்வருக்கு, 17, 18 என்றால் ஐவருக்கு. 19 வேண்டுமென்றால் பத்துப் பேருக்கு ஒன்று, 20 என்றால் இருபது பேருக்கு ஒன்று.

ஆர்மர் கிளாஸ் (அடி விழ எட்ட வேண்டிய எண்) 18 உள்ள வீரர்மேல் பன்னிரண்டு கோப்ளின்கள் அம்பு விடுகின்றன என்று வையுங்கள். தாக்குதல் கூட்டல் 4, ஆகவே 14 தேவை. மூவருக்கு ஒன்று வீதம் நாலு அம்பு தைக்கும், இருபது பாயிண்ட் சேதம். முடிந்தது. கிரிட்டிக்கல் (20 விழுந்தால் கூடுதல் சேதம்) வராது என்பது ஒரு குறை. அந்தத் திகில் வேண்டுமென்றால் குழுத் தலைவனுக்கு மட்டும் டைஸ் உருட்டுங்கள்.

ஒன்று கவனியுங்கள். கட்டத்தில் ஒரு ஆளைச் சுற்றி எட்டுப் பேர்தான் நிற்க முடியும். பன்னிரண்டு வாளும் ஒருவர்மேல் விழுந்ததாகக் கணக்குப் போட்டால் ஆடுபவர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயமாக.

பார்ட்டியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஊர்க்காவலர்களும் ஓர்க்குகளும் மோதினால் அங்கே டைஸே வேண்டாம். பார்ட்டி இருக்கும் மூலையில் நடப்பதை மட்டும் ஆடிவிட்டு, அதன் விளைவை வைத்து மற்ற களத்தின் கதியைச் சொல்லுங்கள். வாயிலைக் காத்தார்களா? இடது அணி தாங்கியது. காக்கவில்லையா? இடது அணி உடைந்தது.

மேசையில் நாற்பது உருவத்துக்கு மேல் வைத்தே தீருவேன் என்றால் இந்த விதிகளோடு மல்லுக்கட்டாதீர்கள். பெரும்படைக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன, ஒரு குழு முழுவதையும் ஒரே உருவமாகக் கருதுபவை. அதை ஆடத் தெரிந்தவரை ஒரு செஷனுக்கு அழைத்து நடத்தச் சொல்லுங்கள். நடுச் சண்டையில் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் படித்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நடக்கவில்லை.

அறிகுறி: கடைசிக் கோப்ளின் வரை நின்று சாகிறது

சண்டை மூன்றாவது ரவுண்டில் முடிவாகிவிட்டது, ஆனால் எட்டாவது ரவுண்டு வரை வெட்டிக்கொண்டிருக்கிறோம். ஆடுபவர்கள் போனை எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் மன உறுதிச் சோதனை வைக்கவே இல்லை, பெரும்பாலும் காரணம் அவ்வளவுதான். பழைய பதிப்புகளில் இது சகஜமான பழக்கம். ஒவ்வொரு உயிரினத்துக்கும் 2 முதல் 12 வரை ஒரு மொரேல் எண் இருக்கும். 2டி6 (இரண்டு ஆறுபக்க டைஸ்) உருட்டி, அந்த எண்ணுக்கு மேலே வந்தால் ஓட்டம். 1980களின் அடிப்படை விதிகளில் கோபோல்டுக்கு 6, கோப்ளினுக்கு 7, ஓர்க்குக்கும் ஹாப்கோப்ளினுக்கும் 8. எலும்புக்கூட்டுக்கும் ஸோம்பிக்கும் 12, அதாவது ஓடாது. பார்த்த கணமே படைகளின் குணம் தெரிகிறது, இல்லையா? ஐந்தாம் பதிப்பிலும் விருப்ப விதியாக ஒன்று இருக்கிறது, டிசி 10 விஸ்டம் சேவ், அதாவது டி20-யில் விஸ்டம் கூட்டலோடு 10-ஐ எட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது பழைய 2டி6 தான், கூட்டல் கழித்தல் இல்லாமல் ஒரே வீச்சில் தெரிந்துவிடும்.

எப்போது உருட்டுவது? முதல் ஆள் விழும்போது ஒரு முறை, பாதிப் பேர் விழும்போது ஒரு முறை. தலைவன் விழுந்தால் இன்னொரு முறை. ஆளுக்கு ஒன்று வேண்டாம், குழுவுக்கு ஒன்று.

உருட்டியும் ஓடவில்லையா? ஓட வழி இருக்கிறதா என்று வரைபடத்தைப் பாருங்கள். நான் ஒரு முறை ஓர்க்குகளைக் குகையின் முட்டுச்சந்தில் நிறுத்தி வைத்துவிட்டு, ஏன் வெறியோடு சண்டையிடுகின்றன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லாக் குழுவுக்கும் பின்னால் ஒரு வழி, ஒரு கூடுமிடம்.

ஓடிய கோப்ளின்கள் வீணில்லை. எத்தனை தப்பின என்று எண்ணி வையுங்கள். பார்ட்டியில் யாரிடம் ஃபயர்பால் இருக்கிறது, யார் காயம் ஆற்றுகிறார் என்று அவற்றுக்குத் தெரியும். அடுத்த படை அந்தச் சேதியோடு வரும்.

ஸோம்பிப் படையென்றால் இந்தத் தலைப்பே பொருந்தாது. அவை நின்று சாகட்டும். அங்கே பார்ட்டி எப்போது ஓடும் என்பதுதான் கேள்வி.

அறிகுறி: தலைவனைக் கொன்றாலும் ஒன்றும் மாறவில்லை, அல்லது அவனோடு எல்லாம் முடிந்துவிடுகிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உங்கள் படையில் தலைவனுக்கும் கடைநிலை ஆளுக்கும் நடுவே யாருமே இல்லை.

எளிய சோதனை: கேப்டன் செத்த அடுத்த நொடி யார் கத்துவார்? பதில் இல்லையென்றால் நடுப்படியைச் சேருங்கள். ரோமப் படையில் ஒரே கூடாரத்தில் எட்டுப் பேர், அப்படிப் பத்துக் கூடாரம் சேர்ந்து எண்பது பேரின் சென்சுரி. ஒழுங்கு பிடித்த ஹாப்கோப்ளின்களுக்கு இது பொருத்தம். மங்கோலியர்கள் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று பத்தின் மடங்காக அடுக்கினார்கள். ஓநாய் ஏறி வரும் படைக்கு அதைக் கொடுங்கள்.

கலவைப் படைக்கு எனக்கு மிகவும் உதவியது பழைய "பத்தி" கணக்கு: ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள். மூன்று பத்தி ஒரு சேனாமுகம், மூன்று சேனாமுகம் ஒரு குல்மம், இப்படியே மும்மூன்றாகப் பெருகி அனீகினி வரை போகும், பத்து அனீகினி ஒரு அக்ஷௌகிணி. யானை இடத்தில் ஓகர், குதிரை இடத்தில் ஓநாய் வீரர்கள், காலாளுக்குக் கோப்ளின்கள், தேரில் குழுத் தலைவன். பத்தே உருவத்தில் ஒரு முழுமையான குட்டிப் படை கிடைத்துவிட்டது. மேசையில் மூன்று பத்தி இறக்கினால் முப்பது உருவம், அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

கேப்டன் செத்ததும் ஒவ்வொரு குழுவும் மொரேல் உருட்டட்டும். தாங்கும் குழு கடைசியாகக் கிடைத்த உத்தரவையே தொடரும், நிலைமை மாறியிருந்தாலும் சரி. ஆடுபவர்கள் அதைக் கவனித்துப் பயன்படுத்திக்கொள்வார்கள்.

இன்னொரு சின்னப் பிழை: ஹாப்கோப்ளின் கேப்டனின் லீடர்ஷிப் திறன் முப்பது அடிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். தாக்குதலிலும் சேவிலும் ஒரு டி4 கூடும். அவனைக் குன்றின் உச்சியில் தனியாக நிறுத்தி அழகு பார்த்தால் அந்த டி4 யாருக்கும் கிடைக்காது. கோப்ளின் பாஸ் வேறு ரகம். அடி விழும்போது பக்கத்தில் நிற்கும் கோப்ளினை இழுத்துத் தன் இடத்தில் நிறுத்திவிடும். ஐந்தடிக்குள் அதற்கு எப்போதும் ஒரு பலியாடு இருக்கட்டும்.

அறிகுறி: ஓர்க் வந்தாலும் கோப்ளின் வந்தாலும் ஒரே சண்டை

எல்லாரும் நேராக ஓடிவந்து அடிக்கிறார்களா? ஒவ்வொன்றின் குறிப்பிலும் அதற்கே உரிய ஒரு திறன் இருக்கும், அதைச் சுற்றியே உத்தியைக் கட்டுங்கள். கோப்ளின் அம்பு விட்டுவிட்டு அதே டர்னில் ஒளிந்துகொள்ளும், ஆகவே புதரும் பாறையும் இல்லாத இடத்தில் அது சண்டைக்கே வராது. ஹாப்கோப்ளினுக்கு, அடிக்கப்படுபவரின் ஐந்தடிக்குள் தன் ஆள் இன்னொருவர் இருந்தால் கூடுதலாக 2டி6 சேதம், ஆகவே எப்போதும் ஜோடியாக. ஓர்க் போனஸ் ஆக்‌ஷனில் எதிரியை நோக்கிப் பாயும், அறுபது அடியை ஒரே டர்னில் கடந்து கோடரியை வீசும். கோபோல்டுகள் கூட்டமாக இருந்தால் அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது), ஆனால் வெயிலில் டிஸ்அட்வான்டேஜ் வந்து அதை அடித்துவிடும். பகலில் வெட்டவெளியில் கோபோல்டு படையைப் பார்த்தால் அது அவற்றின் தப்பில்லை, உங்கள் தப்பு.

இவை நாலுக்கும் அறுபது அடி டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) உண்டு, மனிதருக்குக் கிடையாது. இரவுத் தாக்குதலில் முதல் அம்பு மந்திரவாதிக்கு வேண்டாம், தீப்பந்தம் பிடித்தவருக்குப் போகட்டும்.

அறிகுறி: பார்ட்டி மொத்தமாகச் சாகிறது

ஒரே ஆள்மேல் எல்லாக் குழுவும் விழுகிறதா என்று பாருங்கள், குறிப்பாக ஜோடி ஹாப்கோப்ளின்கள். ஒரு குழுவுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஒன்று பாலத்தைப் பிடிக்கட்டும், ஒன்று வண்டியைக் கொளுத்தட்டும். உத்தரவில் "கைதியாகப் பிடி" என்ற சொல் இருந்தால் தோல்வியும் கதையாகும். நடுச் சண்டையில் ஹிட் பாயிண்டைத் திருட்டுத்தனமாகக் குறைக்காதீர்கள். ஒரு முறை பிடிபட்டேன். அதற்கப்புறம் அந்த மேசையில் வென்ற எந்தச் சண்டையையும் அவர்கள் முழுசாக நம்பவில்லை.

அறிகுறி: "இத்தனை பேரும் என்ன சாப்பிடுகிறார்கள்?" என்று கேட்கிறார்கள்

கேட்டால் சந்தோஷப்படுங்கள். விதிப்படி மனித அளவு உயிருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு உணவு, ஓகர் அளவுக்கு நாலு பவுண்டு. ஐந்நூறு ஓர்க்கும் இருபது ஓகரும் என்றால் நாளுக்கு 580 பவுண்டு. சாதாரண நடையில் நாளுக்கு 24 மைல், பெரும்படை அதைவிட மெதுவாகத்தான் நகரும். பத்து நாள் பயணத்துக்கு 5,800 பவுண்டு எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். வண்டியா, வழிக் கொள்ளையா? எதுவானாலும் பார்ட்டி அறுக்கக்கூடிய ஒரு கயிறு அது.

அறிகுறி: படைக்கு எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருக்கிறது

பார்ட்டி பின்வாசலில் நுழையத் திட்டம் போட்டது. அங்கே ஏற்கெனவே இருபது பேர். ஆடுபவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் பேசியது நம் காதில் விழுந்துவிடுகிறது, நம்மை அறியாமல் படையும் கேட்டுவிடுகிறது.

இதைப் பார்த்தது யார் என்று ஒவ்வொரு நகர்வுக்கும் கேளுங்கள். பார்த்த ஒற்றனுக்குப் பெயரில்லாவிட்டாலும் ஒரு இடம் இருக்க வேண்டும், அங்கிருந்து கேப்டனிடம் சேதி போய்ச் சேர எத்தனை ரவுண்டு என்ற கணக்கும் இருக்க வேண்டும். ஒற்றனைப் பார்ட்டி பிடித்துவிட்டால் சேதி போகாது, அவ்வளவுதான். அடுத்தபடி, சண்டைக்கு முந்தைய நாளே படையின் முதல் மூன்று ரவுண்டு நகர்வுகளை எழுதி மடித்து மேசையில் வைத்துவிடுங்கள். கண்ணெதிரே ஏதாவது நடந்தாலொழிய மாற்றக் கூடாது.

அதுவும் போதாதபோது வெளியாளைக் கூப்பிட வேண்டும். மினியேச்சர் போர் விளையாட்டு ஆடும் நண்பர் ஒருவரிடம் வரைபடத்தையும் படைப் பட்டியலையும் உத்தரவையும் மட்டும் கொடுத்தேன். பார்ட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரவுண்டுக்கு ஒரு முறை அவருடைய ஒற்றர்கள் பார்த்ததைப் போனில் அனுப்புவேன், அவர் இரண்டு வரியில் பதில் போடுவார். பத்துப் பேர் விழுந்ததும் "ஆற்றங்கரைக்குத் திரும்பு" என்று வந்தது. கிடங்கு பாதி எரிந்துகொண்டிருந்தது, பார்ட்டிக்குத் துரத்துவதா தீயை அணைப்பதா என்று தெரியவில்லை. இரண்டு பேர் துரத்தினார்கள், மூன்று பேர் வாளி எடுத்தார்கள், அந்தக் கேப்டனை அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.